பார்க்காத பிற்பாதி

அத்தியாயம் பதினொன்று

"முழுசாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"கடைசி வரைக்கும்?"

"லைட் போட்டு, பெருக்குறவங்க வந்து காலைத் தூக்கச் சொல்ற வரைக்கும்."

"பிடிச்சுதா?"

"அந்த பஸ் ஸ்டாப் சீன் ஒண்ணு போதுமே. அது பிடிக்கலைன்னு சொல்றவன் மனுஷனா?"

மாடிப்படித் திருப்பத்தில் நடந்த பேச்சு அது. அவர் வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். அவள் துவைத்த துணி வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். வாளி கனக்கிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை, வாங்கிக் கீழே வைக்கலாமே என்று அவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் ஒரு சினிமாவைப் பற்றி அத்தனை அக்கறையாகப் பேசிக்கொண்டால் அது சினிமாப் பேச்சு இல்லை என்பது கீழ் வீட்டு அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

இத்தனை வருஷம் கழித்து, அந்தப் பேச்சை வார்த்தை பிசகாமல் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதில், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"அத்தை, பால்."

தம்பி மகள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். காலேஜ் முடித்து வேலைக்குப் போக ஆரம்பித்தும் அந்தப் பெயர் அவளை விட்டு இறங்கவில்லை. "இந்த வாரம் நம்ம வீட்ல காபி குடிச்சது அடுப்புதான்" என்றாள்.

கண்ணாடியக்கா அடுப்பைத் துடைத்தாள். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவள் போட்டுக் கொடுத்த மூக்குக் கண்ணாடி வழியாகத்தான் உலகம் தெரிகிறது. அதனால் வந்த பெயர் அது. கல்யாணம் ஆகாதவள், தம்பி குடும்பத்தோடு இருக்கிறவள் என்று அடையாளம் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல் என்று அவளும் அதையே வைத்துக்கொண்டாள்.

பால் பொங்குவதற்குக் காரணம், போன வாரம் கடைக்கு வந்த ஓர் உடைந்த கண்ணாடி.

தன் கண்ணாடி மேல் தானே உட்கார்ந்துவிட்ட ஒருவர், இரண்டு துண்டுகளையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். வேலையிலிருந்து தலை நிமிராமல் "உட்காருங்க" என்றாள். "மழைக்கு முன்னாடி கிடைச்சுடுமா?" என்று அந்தக் குரல் கேட்டதும், கையிலிருந்த குட்டித் திருப்புளி நழுவித் தரையில் விழுந்தது.

வானிலை ஆபீஸில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் இவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் மழைக்காரர்.

அவர் அவளைக் கண்டுகொள்ள இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடி உடைந்தவருக்கு எதிரே நிற்பது யாரென்று எப்படித் தெரியும்? சோதனை லென்ஸை மாட்டிவிட்டு, "எழுத்து தெரியுதா?" என்று அவள் கேட்டபோதுதான், எழுத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "தெரியுது" என்றார்.

மனைவி போய் இரண்டு வருஷமாம். வேலை ஓய்ந்த பிறகு இந்தப் பக்கமே வந்து குடியிருந்தாராம். இப்போது வீட்டை ஒழித்துவிட்டு, வெளியூரில் இருக்கும் மகளோடு நிரந்தரமாக இருக்கப் போகிறாராம். நாளைக் காலையில் ரயில். புதுக் கண்ணாடியை வாங்கிக்கொள்ள இன்று மத்தியானம் வருவார். வாங்கிக்கொள்வார். போய்விடுவார்.

அவரிடம் கேட்க வேண்டியது அவளிடம் ஒன்று இருந்தது. இளமை முழுக்க அதைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளியாயிற்று. இன்று கேட்காவிட்டால், அப்புறம் அது யாருக்கும் உதவாது.

---

"அத்தை, நேத்து நான் அந்தப் படத்துக்குப் போனேன்" என்றாள் வாலு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"எந்தப் படம்?" என்று கேட்டது தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுப்பான், பேச ஆரம்பித்தால் அவனுக்குப் பிரேக் கிடையாது.

"அதான், சைக்கிள் கடைக்காரனும் டெலிபோன் ஆபரேட்டரும். பழைய படத்தை மெருகேத்தித் திரும்ப விட்டிருக்காங்க. என்னா படம் அத்தை. ஒரு அடிதடி இல்ல, ஒரு கண்ணீர் இல்ல. அவ குரலைக் கேக்குறதுக்காகவே தினம் ஒரு தப்பு நம்பர் கேட்டு போன் பண்றான். ஒரு நாள் தீயணைப்பு ஆபீஸைக் கேட்டுட்டான், நெஜமாவே வண்டி வந்து நிக்குது. தியேட்டரே உருளுது."

கண்ணாடியக்காவின் உதட்டோரம் தன்னையறியாமல் அசைந்தது. அந்தப் படத்தின் மயக்கமே அதுதான். அதில் கெட்டவர்களே கிடையாது. வில்லன் என்று பார்த்தால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு நாய். அதுவும் கடைசியில் செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிடும். பொய்ப்பல் கட்டிய ஒரு மாமா, முக்கியமான நேரத்தில் எல்லாம் பல்லைத் தொலைப்பார். அந்த உலகத்தில் தொலைந்தது எதுவும் திரும்பக் கிடைக்காமல் போனதில்லை. அதை நம்பித்தானே...

"கடைசி சீன்தான் உச்சம்" என்றாள் வாலு. "பஸ் ஸ்டாப்ல அவன் கல்யாணப் பேச்சு எடுக்குறான். இவ, 'எனக்கு வேலை இருக்கு'ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடறா. அவன் சைக்கிளை எடுத்துக்கிட்டுச் சந்து பொந்தெல்லாம் புகுந்து..."

"இல்லல்ல" என்றான் தம்பி. "சைக்கிள் எங்க வந்துது? அவன் அங்கயே கையாட்டிக்கிட்டு நிப்பான். மறுநாள் அதே பஸ்ல அவளே வந்து இறங்குவா."

"அப்பா, நான் நேத்துப் பார்த்தேன்."

"நீ நேத்துத்தான் பார்த்த. நான் நீ பொறக்குறதுக்கு முன்னாடியே பார்த்தவன். எங்கக்கா எத்தனை தடவை கதை சொல்லியிருக்கா தெரியுமா?"

"வேற ஏதோ படத்தைக் கலக்குறீங்க. அவன் குறுக்கு வழியில அடுத்த ஸ்டாப்புக்கு முன்னாடியே வந்துடறான். தலை மேல யார் வீட்டுப் போர்வையோ ஈரத்தோட தொங்குது. அப்படியே பஸ்ல ஏறி, 'இங்க யாராவது வர்றாங்களா?'ன்னு கேக்குறான். அவ சீட்ல வச்சிருந்த கைப்பையை எடுத்துட்டு, 'வந்தாச்சு'ங்குறா. அவ்ளோதான். படம் முடிஞ்சுது. எனக்கு அழுகை வந்துடுச்சு."

"காலங்காத்தால என்ன சினிமாப் பேச்சு" என்று சீப்பைத் தேடும் சாக்கில் கண்ணாடியக்கா உள்ளே போய்விட்டாள். தம்பி இல்லாததை இழுத்துவிட்டுப் பேசுவது புதிதில்லை. அவன் சொன்னது அவள் காதில் விழுந்ததே தவிர, மனசில் விழவில்லை.

செருப்பு மாட்டும்போது வாலு பின்னாலேயே வந்தாள். அத்தையின் கைப்பைக்குள் எதையோ திணித்தாள்.

"சாயங்காலக் காட்சிக்கு ரெண்டு டிக்கெட். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

"அந்தப் படத்தை நான் ஒரு தடவை பார்த்ததே போதும்டி."

"என் டிக்கெட்டுக்கு வேற ஆள் கிடைச்சாலும் சரி. நான் தியாகம் பண்ணிடறேன்." வாலு குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் திருப்புளி விழுந்தப்ப நானும் கடையிலதான் இருந்தேன், அத்தை."

---

கடைக்கு எதிரேதான் பஸ் நிறுத்தம். நிழற்குடையின் உள்சுவரில் அந்தப் படத்தின் போஸ்டரைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். சைக்கிள்காரன் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த ஸ்டாப்பில்தான், இப்போது நிழற்குடை இருக்கும் இடத்தில் அப்போது ஒரு கம்பம் மட்டும் இருந்தபோது, அவள் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டாள்.

அந்தப் படத்துக்கு மூன்று பேராகப் போனார்கள். அம்மா காவலுக்குத் தம்பியை அனுப்பியிருந்தாள். காவல்காரருக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. இடைவேளை வருவதற்குள் இரண்டு ஐஸ்கிரீமும் ஒரு சோடாவும் உள்ளே போனதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். மழைக்காரர்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க இருந்து பாருங்க. உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. இவனை நான் பார்த்துக்கறேன்" என்று வீட்டுக்குக் கிளம்பினார்.

அவளும் எழுந்து போயிருக்க வேண்டும். எத்தனையோ நாள் அதை நினைத்திருக்கிறாள். போகவில்லை. அந்த நாய் செருப்பைத் திருப்பிக் கொடுக்குமா என்று தெரிய வேண்டியிருந்தது.

அப்புறம்தான் மாடிப்படிப் பேச்சு. அவரும் தனியாகப் போய் முழுசாகப் பார்த்துவிட்டார் என்று கேட்டதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த மாதம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இதே ஸ்டாப்பில் நின்று, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் என்கூட வந்துட்டா நல்லா இருக்கும். வீட்ல பேசட்டுமா?" என்று கேட்டார்.

சரி என்று சொல்லியிருக்கலாம். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் சொல்லியிருப்பாள். ஆனால் பஸ் வந்து நின்றது. ஸ்டாப், பஸ், கேள்வி எல்லாம் அப்படியே படத்தில் வந்ததுபோல. இவ்வளவும் தானாகவே அமைந்த பிறகு, மிச்சத்தை மட்டும் எதற்கு விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

அவர் சிரித்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஏறினாள். புரிந்துகொண்டார் என்ற நிம்மதியில், ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்தாள். அடுத்த ஸ்டாப்பில் அவர் ஏறவில்லை. அதற்கடுத்த ஸ்டாப்பிலும் இல்லை. நின்றுகொண்டு வந்த ஓர் அம்மாள், "ஏம்மா, பைக்கும் டிக்கெட் எடுத்திருக்கியா?" என்று கேட்டாள். "ஆள் வருது" என்றாள். பஸ் போய் நிற்கும் கடைசி இடம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு நடந்தே திரும்பி, காய்ச்சல் என்று படுத்தாள். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் மாடி அறை காலியாகிவிட்டது என்று அம்மா சொன்னாள்.

ஏன் ஏறவில்லை? இதுதான் அந்தக் கேள்வி.

---

மத்தியானம் அவர் வந்தபோது சட்டையின் தோள்பக்கம் நனைந்திருந்தது.

"மழை வராதுன்னு நினைச்சேன்" என்றார்.

"உங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தானா, இல்ல நீங்க மட்டுமா?"

"அதனாலதான் எங்களுக்கு ஆபீஸ்லயே குடை கொடுக்கலை. கொடுத்தா எங்களை நாங்களே நம்பலைன்னு ஆயிடுமில்ல."

சிரிப்பு மாறவில்லை. முடிதான் போய்விட்டது.

கண்ணாடியை எடுத்து அவர் முகத்தில் மாட்டினாள். இடது பக்கம் லேசாக மேலே தூக்கியது. "ஒரு காது கொஞ்சம் மேல இருக்கு உங்களுக்கு" என்றாள். கழற்றி, காது மாட்டும் கம்பியைச் சூட்டில் காட்டி, விரலால் பக்குவமாக வளைத்தாள். மறுபடி மாட்டினாள். காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு எத்தனையோ காதுகளுக்குப் பின்னால் விரல் வைக்கிறவள்தான். இந்த ஒரு காதுக்கு மட்டும் விரல் தயங்கியது.

"கீழ்ப் பாதி படிக்கிறதுக்கு, மேல் பாதி தூரத்துக்கு. படி இறங்கும்போது பார்த்து இறங்குங்க. முதல்ல கொஞ்ச நாள் தரை கிட்ட வந்த மாதிரி இருக்கும்."

அவர் கண்ணாடி வழியாகக் கடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் எதிரே இருந்த ஸ்டாப்பைப் பார்த்தார்.

"அந்தப் படத்தைத் திரும்பப் போட்டிருக்காங்க போலிருக்கே."

"ம்."

"உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். ரொம்பப் பழசு. இப்பச் சொன்னாத் திட்ட மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அந்தப் படத்தோட பிற்பாதியை நான் பார்க்கவே இல்லை."

லென்ஸ் துடைக்கும் துணியை மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"அந்த வாரம் பூராவும் எனக்கு ட்யூட்டி. ஒரு வழியா லீவு கிடைச்சுப் போய் நின்னா, வேற படம் மாத்திட்டாங்க. நீங்க படிக்கட்டுல நின்னு அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. பார்க்கலைன்னு சொல்ல மனசு வரலை."

"பஸ் ஸ்டாப் சீனைப் பத்திச் சொன்னீங்களே?"

"அது உங்க தம்பி புண்ணியம். ஒரு பந்து வாங்கிக் கொடுத்தேன், மொத்தக் கதையையும் ஒப்பிச்சுட்டான். அக்கா தினம் படுக்கும்போது சொல்றா, எனக்கு மனப்பாடம்னான்."

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கீங்க. என்ன சொன்னான்?"

"அதான். அவ வேலை இருக்குன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவா. அவன் துரத்திக்கிட்டு ஓட மாட்டான், அதுதான் அழகு. சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டு நிப்பான். மறுநாள் அவன் அங்கயே வந்து காத்திருப்பான். அதே பஸ் வரும். அவ இறங்கி, 'வேலை முடிஞ்சுது'ம்பா."



காலையில் காதில் மட்டும் விழுந்தது இப்போது மனசில் விழுந்தது.

"அன்னிக்கு நீங்க கையாட்டினீங்க" என்றாள் மெதுவாக.

"ஆட்டினேன்."

"சிரிச்சீங்க."

"உங்க மனசு புரிஞ்சுபோச்சே, அதுக்குத்தான் சிரிச்சேன். அதே வசனத்தைச் சொல்றீங்களே." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மறுநாள் காலையிலேருந்து அங்க நின்னேன். அந்த பஸ் வரும்போதெல்லாம் படிக்கட்டையே பார்த்துக்கிட்டு. கடைசி பஸ்ஸும் போச்சு. சரி, அவங்களுக்கு நெஜமாவே வேலை இருக்கு போலன்னு..."

வேடிக்கையாக முடிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"மாடியிலேருந்து இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"வேண்டாம்னு சொன்ன பொண்ணு வீட்டுக் கதவைப் போய்த் தட்டுறது நாகரிகமா? நீங்களாவது ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"வேண்டாம்னு சொன்னவ என்னன்னு எழுதுவா?"

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நியாயமாக நடந்துகொண்டே இரண்டு பேரும் கோட்டை விட்டிருந்தார்கள்.

"அப்படி ஒரு சீனே அந்தப் படத்துல இல்லை" என்றாள்.

அவருக்கு அது உடனே எட்டவில்லை. "எது?"

"கையாட்டுறது. மறுநாள் வர்றது. எதுவுமே இல்லை."

"அப்ப கடைசியில என்னதான் ஆகுது?"

அவள் வாயைத் திறந்தாள். அதே நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்து, "கண்ணாடியக்கா, எங்க மாமனார் கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுறார். கழுத்துல மாட்டுற கயிறு இருக்கா?" என்றாள். கறுப்பா, காப்பிப் பொடி நிறமா, மணி கோத்ததா என்று அந்த அம்மாள் ஒவ்வொன்றாக மாட்டி, கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, "வரட்டுமா?" என்றார்.

"வாங்க" என்றாள் அவள். கடையில் எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தை. வாயில் வந்தது அதுதான்.

---

வெயில் தாழ்ந்த பிறகு தம்பியின் கார் குலுங்கிக் குலுங்கி வந்து கடை வாசலில் அணைந்தது. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். "கிளட்சை விட்டா வண்டி நிக்கும்னு சொன்னேனே ஐயா. அது மிதிக்கிறதுக்கு, வேண்டிக்கிறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினான். "அக்கா, ஏறு. வீட்ல விட்டுடறேன். நம்ம ஐயாவுக்கும் ஒரு ரவுண்டு ஆச்சு."

அவள் அவனையே பார்த்தாள். காதோரம் நரைத்துவிட்டது. போட்டிருந்த கண்ணாடி அவள் செய்து கொடுத்தது. அப்பா இறந்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. அவள் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. இத்தனை நேரமும் அவனிடம் சொல்வதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தாள்.

"டேய், ஒண்ணு கேட்கட்டா. நான் கதை சொல்வேனே, அந்தப் படம். நீ எது வரைக்கும் முழிச்சிருப்ப?"

"இது என்ன திடீர்னு?" யோசித்தான். "அவ பஸ் ஏறுற வரைக்கும். அதுக்கப்புறம் உன் குரல் மட்டும் கேட்கும், கதை கேட்காது. தூங்கிடுவேன்."

"அப்ப முடிவு?"

"முடிவு நானே வச்சுக்கிட்டதுதான் போல. வாலு சொன்னப்புறம்தான் யோசிச்சேன்." வெட்கத்தோடு சிரித்தான். "அவ பஸ் ஏறிப் போயிடுவான்னு நீ சொல்லும்போது எனக்குப் பயமா இருக்கும்க்கா. நீயும் ஒரு நாள் அப்படி எங்கயாவது போயிடுவியோன்னு. அதனால தூங்குறதுக்குள்ள அவளை மறுநாளே திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம்தான் நிம்மதியாத் தூக்கம் வரும்."

சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பயந்துகொண்டு படுத்த ஒரு சின்னப் பிள்ளையிடம் எந்தக் கோபத்தை எடுத்து வைப்பது? அவன் நினைத்தபடிதான் நடந்திருந்தது. அவள் எங்கேயும் போகவில்லை.

"ஏன்க்கா கேட்ட?"

"சும்மா." அவன் கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்ததைத் தூக்கிவிட்டாள். "நீ கிளம்பு. நான் பஸ்ல வர்றேன்."

"பஸ்ஸா? கார் வாசல்ல நிக்குது."

"அது நின்னுக்கிட்டேதான் இருக்கு. நீ ஐயாவைக் கிளப்பு முதல்ல."

---

கடையைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்தாள். மழை விட்டிருந்தது. நிழற்குடைக்குள், போஸ்டரில் சிரித்த சைக்கிள்காரனுக்குப் பக்கத்தில், மழைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க இன்னும் போகலையா?"

"பஸ் வந்துக்கிட்டும் போய்க்கிட்டும்தான் இருக்கு. ஏறத் தோணலை." கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "படிக்கட்டு கிட்ட வந்த மாதிரி இருக்கு. நீங்க சொன்னீங்களே."

நாளைக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்கலாம். பெட்டி கட்டியாயிற்றா என்று கேட்கலாம். கேட்டால், போய்விட்டு வாருங்கள் என்று சொன்னதாகிவிடும்.

"ராத்திரி பூராவும் இதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கப் போறேன்" என்றார் அவர். "நான் தப்பான முடிவை நம்பி நின்னிருக்கேன். சரி. சரியான முடிவுதான் என்ன? அதையாவது சொல்லிடுங்களேன்."

அவள் பதில் சொல்வதற்குள் பஸ் வந்து நின்றது. தியேட்டர் வழியாகப் போகிற பஸ். அவர் வீடு இருக்கும் பக்கம் அது போகாது.

பழக்கத்தில் கால் தானாக ஏறிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் கைப்பை தானாகப் போய் உட்கார்ந்தது. அதற்குள் வாலு திணித்த இரண்டு சினிமா டிக்கெட்.

வெளியே பார்த்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சிரிக்க முயன்றுகொண்டிருந்தார். வலது கை மெல்ல மேலே எழுந்தது, பாதியில் நின்றது. கையாட்டுவதா வேண்டாமா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை.

படத்தில் அவன் வந்து கேட்பான். அவள் பதில்தான் சொல்வாள். கேட்க வேண்டியவன் வரும் வரை, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அழகு என்று, எத்தனை பஸ்களில் எத்தனை ஜன்னல்களுக்குப் பக்கத்தில் நினைத்திருக்கிறாள். யாரும் வந்து கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குப் பாவம் கதையே தெரியாது.

வண்டி உறுமியது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

கண்ணாடியக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அங்க நிக்காதீங்க. ஏறி வாங்க" என்றாள். "உங்களுக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்."